ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் எங்கேருந்து வருது?

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: நிலக்கரி, தண்ணி, காத்து, சூரியன், அணு இதுல எது மூலமா கரண்ட் எடுத்தா பூமிக்கு நல்லது, ஒரு சாதாரண வீட்டுல இருக்கிறவங்க எதை தேர்ந்தெடுக்கணும், சோலார் பேனல் செய்யுறதுக்கே அது வாழ்நாள்ல தர்றதைவிட அதிக கரண்ட் செலவாகுதுன்னு சொல்றாங்களே அது உண்மையா. பார்க்க மூணு கேள்வி, ஆனா உள்ள இருக்கிறது ஒண்ணுதான்னு எனக்கு படுது. சுத்தமான கரண்ட்டுன்னு ஒண்ணு தனியா எங்கயோ இருக்கு, சரியானதை பார்த்து எடுத்துக்கிட்டா போதும்னு நினைக்கிறீங்க. சிக்கலே அங்கதான். நான் எலக்ட்ரிக்கல் படிச்சுட்டு முதல்ல அனல் மின் நிலையத்துலயும் அப்புறம் கிரிட் (மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கிற மொத்த கம்பி வலை) கன்ட்ரோல் ரூம்லயும் ஷிஃப்ட் பார்த்த ஆளு, அதனால யாராவது "எந்த கரண்ட் நல்லது"ன்னு கேட்டா என் வாயில முதல்ல வர்ற பதில் கேள்வி, "எத்தனை மணிக்கு?"

முதல்ல கரண்ட் எப்படி வருதுன்னு பார்த்துடலாம், இது தெரியாம மத்தது புரியாது. 1831ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்சது இன்னைக்கும் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு, செம்புக் கம்பிச் சுருள் பக்கத்துல காந்தம் சுத்தினா கம்பியில கரண்ட் பாயும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்த காந்தத்தை யார் சுத்துறாங்கங்கிற கதை. அனல் நிலையத்துல கரியை மாவு மாதிரி பொடிச்சு பாய்லர்ல ஊதி எரிப்பாங்க, 540 டிகிரி கிட்ட இருக்கிற ஆவி டர்பைன் இறக்கையில மோதி அதை நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தும், 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு 50 அலை அடிக்கிற கிரிட்டுக்கு அந்த கணக்கு, 60 ஹெர்ட்ஸ்னா 3600. அணு மின் நிலையமும் ஆவி டர்பைன்தான், சூடு மட்டும் யுரேனியம் அணு பிளக்குறதுல வருது, வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு இது ஏமாத்தமா கூட இருக்கும். இதுல ஜீரணிக்க கஷ்டமான விஷயம் என்னன்னா, எரிக்கிற கரியோட சூட்டுல மூணுல ஒரு பங்கு, ரொம்ப நவீனமான நிலையம்னா 45 சதவீதம் வரைக்கும், அவ்வளவுதான் கரண்ட்டா வெளிய வரும், மீதி பெரும்பாலும் ஆவியை குளிர வைக்கிற கண்டென்சர் தண்ணியோட போய் கூலிங் டவர் மேல வெள்ளையா கிளம்பும். அதை புகைன்னு நினைச்சு போட்டோ போடுவாங்க, அது வெறும் ஈரக்காத்து, நிஜமான புகை பக்கத்துல ஒல்லியா உயரமா நிக்கிற சிம்னியில போகுது, அது கண்ணுக்கு சரியா தெரியக்கூட தெரியாது. எரிவாயு நிலையத்துல முதல்ல வாயு டர்பைன், அதோட வெளியேறுற சூட்டுல ஆவி டர்பைன்னு ரெண்டு தடவை பிழிஞ்சு எடுக்கிறதால 60 சதவீதம் வரை போகும்.

தண்ணியில எரிக்கிற வேலையே இல்ல, நேரா விழுற எடைதான். ஒரு கன மீட்டர் தண்ணி, அதாவது 1000 லிட்டர், ஒரு டன் எடை, 100 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்தா மொத்தமா எவ்வளவு கிடைக்கும்னு கணக்கு போடுங்க, சுமார் 0.27 யூனிட், டர்பைன் 90 சதவீதம் எடுத்தாலும் கால் யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மி. (யூனிட்னா ஒரு கிலோவாட் மணி.) மாடி மேல இருக்கிற ஒரு டேங்க் தண்ணி நூறு மீட்டர் விழுந்தும் கால் யூனிட்தான்னா, அணைங்க ஏன் அவ்வளவு பெருசா இருக்குன்னு இப்ப புரியும், சீனாவோட த்ரீ கோர்ஜஸ் 22,500 மெகாவாட் தர்றதுக்கு யாங்சி ஆறே தேவைப்படுது. காத்துல வேற மாதிரி கணக்கு, காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்கு, வேகத்தோட கனம் (வேகத்தை மூணு தடவை பெருக்கின கணக்கு)னு சொல்வாங்க. வீட்டு மொட்டை மாடியில குட்டி காத்தாடி வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதுக்கு பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கு, கட்டடத்துக்கு நடுவுல காத்து வேகம் பாதியானா சக்தி எட்டுல ஒண்ணு, போதாக்குறைக்கு சுழல் வேற. வேண்டாம்னு சொல்றேன், விட்டுடுங்க.

சோலார் பேனல் மட்டும்தான் இந்த கூட்டத்துல எதையும் சுத்தாம கரண்ட் தர்றது. வெளிச்சம் சிலிக்கான்ல இருக்கிற எலக்ட்ரானை தட்டி விடுது, அது ஒரே பக்கமா ஓடுற மாதிரி உள்ள ஒரு மின்புலம் வெச்சிருக்காங்க. 1954ல பெல் ஆய்வகத்துல முதல் உருப்படியான சிலிக்கான் செல் வந்தப்ப அதோட திறன் 6 சதவீதம் அளவுதான், இப்ப கடையில கிடைக்கிற பேனலே 20 சதவீதத்தை தாண்டிடுச்சு. ஒற்றை சிலிக்கான் அடுக்குக்கு இயற்கை போட்ட எல்லை 30 சதவீதத்துக்கு பக்கத்துல இருக்கு, அதனால "80 சதவீதம் திறன்"னு விளம்பரம் பார்த்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இப்ப உங்க கேள்வியோட நடுப்பகுதிக்கு வர்றேன். கிரிட்டுக்குள்ள கரண்ட்டை சேர்த்து வைக்க இடமே கிடையாது, நீங்க சுவிட்ச் போடுற அந்த நொடியில எங்கயோ ஒரு டர்பைன் அதுக்கான பாரத்தை உணருது. கன்ட்ரோல் ரூம்ல சுவத்துல கிரிட்டோட ஹெர்ட்ஸ் பெருசா ஒரு எண்ணா ஓடிக்கிட்டே இருக்கும், 50.01, 49.98, 49.95ன்னு, எங்க கண்ணு எப்பவும் அதுலதான். எல்லாரும் சேர்ந்து இழுக்கிற பாரம் உற்பத்தியைவிட கூடிட்டா எல்லா ஜெனரேட்டரும் ஒண்ணா கொஞ்சம் மெதுவாகும், மேட்டுல ஏறுற சைக்கிள் மாதிரி, அந்த எண் இறங்கும், உடனே எங்கயாவது அணை கதவை இன்னும் கொஞ்சம் திறக்கணும், இல்ல பேட்டரியிலேர்ந்து கரண்ட் எடுக்கணும், இல்லைன்னா கொஞ்சம் லோடை வெட்டணும். பெரிய நிலையம் ஒண்ணு திடீர்னு ட்ரிப் ஆனா முதல் சில நொடிக்கு கிரிட்டை தாங்கிப் பிடிக்கிறது மனுஷனோ கம்ப்யூட்டரோ இல்ல, நூத்துக்கணக்கான டன் எடையில சுத்திக்கிட்டு இருக்கிற அந்த இரும்பு உருளைங்களோட வேகம்தான். சோலார் பேனல்ல சுத்துற எடை எதுவும் இல்லைன்னு மேல சொன்னேன்ல, அதோட விலை இங்கதான் தெரியும், ஆனா அதுக்கும் வழி வந்தாச்சு, ஒரு உதாரணம் சொல்றேன்.

2016 செப்டம்பர்ல தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமே இருட்டாச்சு, உடனே "காத்தாலைங்களாலதான்"னு ஒரு கூட்டமும் "புயலாலதான்"னு இன்னொரு கூட்டமும் கிளம்பிடுச்சு. நடந்தது ரெண்டுக்கும் நடுவுல. சூறாவளி உயர் அழுத்த டவர்களை சாய்ச்சுது, வோல்டேஜ் அடுத்தடுத்து பல தடவை விழுந்து எழுந்துச்சு, இத்தனை தடவைக்கு மேல விழுந்தா உற்பத்தியை குறைச்சுக்கோன்னு சில காத்தாலைகள்ல ஒரு செட்டிங் இருந்துச்சு, அது கிரிட் ஆட்களுக்கே தெரியாது. அந்த செட்டிங்கை மாத்தினாங்க, அடுத்த வருஷமே ஹார்ன்ஸ்டேல்ல 100 மெகாவாட் பேட்டரி ஒண்ணு வந்துச்சு, பெரிய டர்பைன் ஏறி வர்றதுக்கு முன்னாடியே அது பதில் குடுத்துடும். காத்தாலை கரண்ட் கெட்டதுன்னு இதுலேர்ந்து முடிவு பண்ணக் கூடாது, அதை இணைக்கிற விதத்துல கவனம் வேணும்னு வேணா சொல்லலாம்.

ஆக எது நல்லதுன்னா, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன்ங்கிறது ஒரு அளவு. ஐ.நா.வோட காலநிலை விஞ்ஞானக் குழு ஐ.பி.சி.சி.யோட 2014 அறிக்கையில கட்டுறதுலேர்ந்து பிரிச்சு எடுக்கிற வரைக்கும் சேர்த்து போட்ட நடு மதிப்பு இப்படி இருக்கு: நிலக்கரி யூனிட்டுக்கு 820 கிராம், எரிவாயு 490, மாடி சோலார் 41, நீர் மின்சாரம் 24, அணுவும் கடல் காத்தாலையும் 12, தரைக் காத்தாலை 11. சோலாரோட எண்ணிக்கை அதுக்கப்புறம் இன்னும் இறங்கியிருக்கு, பேனல் மெலிசாகி திறன் கூடினதால. உங்க மூணாவது கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. பேனல் செய்ய ஆகுற ஆற்றலை அது ஒண்ணுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள திருப்பி குடுத்துடும், வெயில் கம்மியான ஊருன்னா கொஞ்சம் கூட ஆகும், ஆயுசு 25லேர்ந்து 30 வருஷம். பல வருஷத்துக்கு முன்னாடி சிலிக்கானை தடிமனா வெட்டி வீணடிச்ச காலத்து பேச்சு இன்னும் வாட்ஸ்அப்ல சுத்துது, அவ்வளவுதான். இது சந்தேகமே இல்லாத பகுதி. நீர் மின்சாரத்துல மட்டும் அந்த 24ஐ அப்படியே நம்பாதீங்க, வெப்ப மண்டலத்துல காட்டை மூழ்கடிச்சு கட்டுன ஆழமில்லாத நீர்த்தேக்கத்துல அழுகுற செடியிலேர்ந்து மீத்தேன் வரும், சில இடத்துல அது கரி நிலையத்துக்கே போட்டி போடும், அணைக்கு அணை அவ்வளவு வித்தியாசம்.

அணுவைப் பத்தி கேட்டா சண்டை வரும்னு தெரியும், இருந்தாலும் என் கருத்தை சொல்லிடுறேன். 1986 செர்னோபிலும் 2011 ஃபுகுஷிமாவும் எல்லாருக்கும் தெரியும், 1975ல சீனாவுல பான்சியாவ் அணை உடைஞ்சு பல்லாயிரம் பேர் செத்தது அவ்வளவா யாருக்கும் தெரியாது, கரிப்புகையால ஒவ்வொரு வருஷமும் போற உயிருக்கு செய்தியே வர்றது இல்ல. ஓடிக்கிட்டு இருக்கிற நல்ல அணு உலையை அவசரப்பட்டு மூடி அந்த இடத்துல கரியை எரிக்கிறது தப்புன்னு நினைக்கிறேன், ஆனா புதுசா கட்டுறதுக்கு பல நாட்டுல பத்து வருஷத்துக்கு மேல இழுக்குது, கழிவை ஆயிரக்கணக்கான வருஷம் பத்திரமா வைக்கணும், அதனால "அணு ஒண்ணே போதும்"னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒத்துப் போகாது.

கார்பன் கணக்குல வராத இன்னொரு விஷயம் நேரம். வெயில் உச்சியில இருக்கும்போது சோலார் கொட்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அது சரசரன்னு இறங்கும்போதுதான் எல்லா வீட்டுலயும் லைட்டு, டிவி, ஏசி, அடுப்புன்னு ஏறும், எங்க வேலையில நெஞ்சு படபடக்கிற ரெண்டு மணி நேரம் அதுதான். எட்டு மணிக்கு நீங்க போடுற சுவிட்சுக்கு பெரும்பாலான நாட்டுல பதில் சொல்றது எரிவாயுவோ கரியோ அணையோதான், காலையில உங்க மாடி கிரிட்டுக்கு எவ்வளவு குடுத்திருந்தாலும் சரி. இதுக்கு வழி இல்லாம இல்ல. டென்மார்க்ல ஓடுற கரண்ட்ல பாதிக்கு மேல காத்தாலையிலேர்ந்து வருது, காத்து அதிகமா அடிக்கிறப்ப கடலடி கேபிள் வழியா நார்வேக்கு அனுப்புவாங்க, நார்வே அந்த நேரம் தன்னோட அணை தண்ணியை திறக்காம வெச்சுக்கும், காத்து நின்னா திருப்பி குடுக்கும், 1970கள்லேர்ந்து நடக்குற ஏற்பாடு இது. இன்னொரு வழி தண்ணியை மேல ஏத்துறது, அமெரிக்காவுல பாத் கவுன்ட்டியில 1985லேர்ந்து சுமார் 3000 மெகாவாட் அளவுல ராத்திரி மேல பம்ப் பண்ணி பகல்ல இறக்கிக்கிட்டு இருக்காங்க, போட்ட கரண்ட்ல முக்கால்வாசி திரும்ப கிடைக்கும். லித்தியம் பேட்டரியில 85லேர்ந்து 90 சதவீதம் திரும்பும், ஆனா அது சாயங்கால நாலு மணி நேரத்துக்கு, மழைக்கால நாலு வாரத்துக்கு இல்ல. கோடையில சேர்த்து குளிர்காலத்துல எடுக்கிறதுக்கு எது ஜெயிக்கும்னு துறையிலேயே இன்னும் முடிவாகல, ஹைட்ரஜன்னு நிறைய பேசுறாங்க, கரண்ட்டை ஹைட்ரஜனாக்கி மறுபடி கரண்ட்டாக்கினா போட்டதுல மூணுல ஒரு பங்கு, கூடிப்போனா அதுக்கு கொஞ்சம் மேல, அதனால எஃகு, உரம் மாதிரி வேற வழி இல்லாத இடத்துக்கு அதை வெச்சுக்கலாம், வீட்டுக்கு வேண்டாங்கிறது என் கட்சி.

சரி, நீங்க என்ன பண்ணணும். ஆளாளுக்கு பேனல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, நான் சூடு பண்ற சாமான்லேர்ந்து ஆரம்பிப்பேன். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலேர்ந்து 55க்கு ஏத்த கொஞ்சம் கூட குறைய அரை யூனிட் வேணும், 2 கிலோவாட் கீசர்னா கால் மணி நேரம். அதே அரை யூனிட்ல ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு ரெண்டு நாள் விடாம எரிஞ்சு மூணாவது நாளும் கொஞ்ச நேரம் எரியும். போன் சார்ஜரை பிளக்லேர்ந்து பிடுங்குறதுல மனநிம்மதி கிடைக்கும், யூனிட் கிடைக்காது. தண்ணிக்கு வெயில்ல நேரா சூடாகுற சோலார் ஹீட்டர் இல்ல ஹீட் பம்ப், ஹீட் பம்ப்னா ஒரு யூனிட் கரண்ட் போட்டா சுமார் மூணு யூனிட் சூடு கிடைக்கும், கூடுதலா வர்றதை வெளிக்காத்துலேர்ந்து அள்ளிட்டு வரும், மந்திரம் இல்ல, ஃப்ரிட்ஜை திருப்பி வெச்ச வேலைதான். ஃபேன் மாத்துறதா இருந்தா பி.எல்.டி.சி. (உள்ள பிரஷ் இல்லாத, கரண்ட் கம்மியா இழுக்கிற) மோட்டார், பழசு 75 வாட் இழுக்கிற இடத்துல இது 30 வாட்ல முடிக்கும். இதெல்லாம் பண்ணிட்டு பேனல் வாங்கினா சின்ன சைஸ் போதும்.

அடுத்தது நேரத்தை நகர்த்துறது, இதுக்கு ஒரு காசும் வேண்டாம். துவைக்கிற மெஷின், தண்ணி மோட்டார், வண்டி சார்ஜிங் இதெல்லாம் எட்டு மணிக்குதான் ஓடணும்னு சட்டம் இல்ல, சோலார் அதிகமான கிரிட்டுன்னா மதியத்துக்கும், அணுவும் காத்தும் அதிகமான கிரிட்டுன்னா நடுராத்திரிக்கும் தள்ளுங்க. "நூறு சதவீதம் பசுமை கரண்ட்"னு விக்கிற திட்டத்துல சேரலாமான்னும் சிலர் கேக்குறாங்க. கம்பியில வர்றது கலவைதான், உங்களுக்குன்னு தனியா எலக்ட்ரான் வராது. அந்த பணம் புதுசா ஒரு காத்தாலை கட்டப் போகுதா, இல்ல எப்பவோ கட்டி முடிச்ச அணையோட சான்றிதழை வாங்கப் போகுதான்னு கேளுங்க, வருஷக் கணக்குல ஈடு கட்டுறாங்களா மணிக்கு மணி ஈடு கட்டுறாங்களான்னும் கேளுங்க. ரெண்டாவது கேள்விக்கு நேரா பதில் சொல்ற ஆளை நம்பலாம்.

பேனலுக்கு வந்தா, ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 5 சதுர மீட்டர் பேனல் பரப்பு, நடந்து போக வர கூடுதலா இடம் விடணும். நல்ல வெயில் உள்ள இடத்துல நாளுக்கு சராசரி 4 யூனிட் கணக்கு போடுங்க, பேனல் மேல எழுதியிருக்கிற வாட் செல் 25 டிகிரியில இருக்கும்போது அளந்தது, மாடியில மதியம் அது 65ஐ தொடும், அப்ப சுமார் 14 சதவீதம் அங்கயே போயிடும், அதனால மாடியோட ஒட்டி மாட்டாம அடியில காத்து போற மாதிரி தூக்கி மாட்டணும். நிழல் அதைவிட மோசம், செல்லெல்லாம் வரிசையா இணைச்சிருக்கிறதால டேங்க் நிழலோ காய்ஞ்ச பறவை எச்சமோ ஒரே ஒரு செல்லை முழுசா மறைச்சா அந்த பேனல்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும் படுத்துடும், காலை ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் மூணு வரைக்கும் நிழல் எங்க விழுதுன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க. பூமியோட வட பாதியில இருந்தா தெற்கு பார்த்து, தென் பாதியில வடக்கு பார்த்து. இன்னொண்ணு, இது தெரியாம ஏமாந்தவங்க ஏராளம்: பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட்டை வீட்டு கரண்ட்டா மாத்துற பெட்டி), தெருவுல கரண்ட் போனா கொளுத்துற வெயில்லயும் தானா நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல உங்க வீட்டு கரண்ட் பாயக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க. கரண்ட் கட்டுக்கும் சேர்த்து வேணும்னா பேட்டரியோடயும் கிரிட்டோடயும் ஓடுற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஆரம்பத்துலயே பேசிடணும். பேட்டரியில எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை எடுங்க, லெட் ஆசிட்டை பாதிக்கு கீழ இறக்கினா சீக்கிரம் செத்துடும், எல்.எஃப்.பி. ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கினாலும் தாங்கும், தீப்பிடிக்கிற பயமும் மத்த லித்தியம் வகையைவிட கம்மி. தெருவுல கரண்ட் அடிக்கடி போகாது, மீதி கரண்ட்டை கிரிட் நியாயமா எடுத்துக்கும்னா பேட்டரிக்கு இப்ப அவசரம் இல்ல.

சொந்த மாடி இல்லாதவங்க பேனலை நினைச்சு வருத்தப்பட வேண்டாம், பொது இடத்துல பலர் சேர்ந்து போடுற பங்கு சோலார் கிடைச்சா பாருங்க, பெரிய வயல் சோலார் பெரும்பாலும் மாடியைவிட ஒரு யூனிட்டுக்கு மலிவாதான் வரும். பழைய பேனலை என்ன பண்றதுங்கிறதுல இன்னும் தெளிவு வரல, கண்ணாடி, அலுமினியம் எடுத்துடலாம், வெள்ளியும் சிலிக்கானும் லாபத்தோட பிரிக்கிறது எல்லா இடத்துலயும் நடக்கல, அதனால வாங்கும்போதே திருப்பி எடுத்துப்பீங்களான்னு எழுத்துல கேட்டு வெச்சுக்கோங்க. என் அனுபவம் பெரிய நிலையமும் கிரிட்டும், உங்க மாடியோட கான்கிரீட் பேனல் எடையும் காத்து இழுப்பும் தாங்குமா, உங்க வயரிங்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு எழுத்துல பார்த்து சொல்ல முடியாது, அதுக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் நேர்ல வரணும்.

சைஸ் எவ்வளவுன்னு கேட்டா இப்போதைக்கு எண் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தினமும் காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் மீட்டர்ல இருக்கிற எண்ணை குறிச்சு இங்க போடுங்க, பகல்ல எவ்வளவு ராத்திரி எவ்வளவுன்னு பிரிஞ்சு தெரியும், கீசர் எந்த நேரம் ஓடுதுன்னும் சேர்த்து எழுதுங்க, அதை வெச்சு பேனல் எத்தனை கிலோவாட், பேட்டரி வேணுமா வேண்டாமான்னு கணக்கு போட்டு சொல்றேன்.